கருங்களப்பை விட்டு வெளியே வந்த வள்ளம்

என் பிரியமான ஜவாத் நானாவுக்கு,

முதலில் உங்கள் தங்கச்சியின் சலாம். நீங்கள் பதில் சொல்லிவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

நல்ல செய்தியை உடனே சொல்லிவிடுகிறேன். வெள்ளி வள்ளம் கருங்களப்பை விட்டு வெளியே வந்துவிட்டது. கப்டன் ஆமினா உயிரோடு இருக்கிறார். கொடுவாவும் இருக்கிறது, ஒரு கை மட்டும் கழன்றுபோய்விட்டது. நேற்றுப் புத்தளத்தில் அதைச் சொல்கிற புத்தகத்தை வெளியிட்டார்கள். கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கதிரையில் உட்கார்ந்து அழுதேன். கவலையில் அழவில்லை நானா. நீங்கள் போன நாளிலிருந்து என் தலையில் இருந்த சுமையை யாரோ பின்னால் வந்து மெல்லத் தூக்கி இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் வாசிப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்த சில விஷயங்களையும் திரும்பச் சொல்லவேண்டியிருக்கிறது. உங்கள் கதையை உங்களுக்கே சொல்கிறாளே என்று சிரிக்காதீர்கள்.

பாலாவிச் சந்தியில் ரேடியோவும் டிவியும் திருத்துகிற கடை வைத்திருந்தீர்கள். சீமெந்து லொறி ஒன்று திரும்பினால் கடைக் கண்ணாடி எல்லாம் அதிரும். அந்த அதிர்வுக்கு நடுவில் இருந்துதான் இருபது வருடமாக உப்புக்கோளை எழுதினீர்கள். பூமியை விட்டுப் போன சனங்கள் தூரத்தில் ஒரு கோளில் இறங்குகிறார்கள். அங்கே கடல் உண்டு, குடிக்கத் தண்ணீர் இல்லை. உப்பை விளைவித்து வேறு கோள்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, தண்ணீர் ஏற்றிக்கொண்டு திரும்பி வருகிற கப்பல்தான் வெள்ளி வள்ளம். அதை ஓட்டுகிறவர் கப்டன் ஆமினா. அவருக்குத் துணை, கொடுவா மீன் மாதிரி நீண்ட தாடையுள்ள ஓர் இயந்திரம். கரையில் இருந்து கப்பலோடு ரேடியோவில் கதைக்கிற சல்மா, ஒரு புத்தகத்துக்கு இரண்டு வரி வந்துபோவாள்.

பெயர் வைக்கும்போது முற்றத்தில் நின்று சத்தமாகக் கூப்பிட்டுப் பார்ப்பீர்கள். தூரத்துக்குக் கேட்காத பெயர் கப்பலுக்குச் சரிவராது என்பது உங்கள் கொள்கை. ஒரு நாள் "கப்டன் ஆமினா!" என்று கத்தினீர்கள். வேலிக்கு அந்தப் பக்கம் மீன் கழுவிக்கொண்டிருந்த ஆமினா மாமி, "என்னடா, என்னய எப்ப கப்டனாக்கின?" என்று கேட்டா. உம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது இன்னும் என் காதில் இருக்கிறது.

முதலில் கொழும்பு வாரப் பத்திரிகை ஒன்றில் தொடராக வந்தது. பிறகு கைக்குள் அடங்குகிற சின்னச் சின்னப் புத்தகங்கள். கொஞ்சக் காலம் ரேடியோவில் நாடகமாகவும் போனது. கற்பிட்டியில் ஒரு மீன்பிடி வள்ளத்துக்கு வெள்ளி வள்ளம் என்று பெயர் எழுதியிருந்ததைக் கண்டுவிட்டு வந்து, அன்று முழுக்கக் கடை திறக்காமல் பாட்டுப் பாடிக்கொண்டு திரிந்தீர்கள். மதுரங்குளிப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்துவிட்டு நான் பஸ்ஸால் வந்து இறங்கினால், அன்றைக்கு எழுதிய தாள்கள் எனக்காகக் காத்திருக்கும். உங்கள் றகர ரகரத்தைத் திருத்துவதுதான் என் வேலை.

கடைசிப் புத்தகத்தில், விண்வெளியில் எந்த ஒளியும் நுழையாத கருங்களப்பு என்ற இடத்துக்குள் கப்பல் போகிறது. கரையில் சல்மா, "வள்ளம், வள்ளம், கேட்கிறதா?" என்று கூப்பிடுகிறாள். பதில் இல்லை. அதோடு புத்தகம் முடிகிறது. அந்தத் தாளைத் திருத்திவிட்டு உங்களிடம் கேட்டேன்:

"உள்ளுக்குள்ள என்ன இரிக்கு நானா?"

"எனக்கெங்க தெரியும்? போய்ப் பாத்தாத்தானே!"

நீங்கள் போய்ப் பார்க்கவில்லை. போர் முடிந்து இரண்டாம் வருடம், கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டு இருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மையித்து வீட்டுக்கு எங்கெங்கோ இருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். முன்பின் தெரியாத ஓர் ஓட்டோக்காரர் வாசலில் நின்று என்னிடம், "டீச்சர், கப்பல் வெளிய வருமா?" என்று கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. என் நானா உள்ளே கிடக்கிறார், இவருக்குக் கப்பல்! அந்த மனிதருக்கு வேறு எப்படிக் கவலைப்படுவது என்று தெரியவில்லை என்பது பிறகுதான் விளங்கியது.

அலுமாரி, மேசை லாச்சி, கடையில் கிடந்த பழைய டிவிப் பெட்டிகளின் உள்பக்கம் என்று எல்லா இடமும் தேடினோம். அடுத்த கதையைப் பற்றி ஒரு வரி இல்லை. நீங்கள் சொன்னது உண்மைதான், உங்களுக்கே தெரியாது. அதையேதான் கேட்டவர்களிடம் எல்லாம் சொன்னேன். ஒருத்தரும் நம்பவில்லை. கலியாண வீட்டில், பஸ்ஸில், மீன் வாங்குகிற இடத்தில் என்று எங்கே கண்டாலும் மறித்துக் கேட்டார்கள். "டீச்சருக்குத் தெரியும். சொல்ல மனமில்ல." இல்லாத பொருளுக்குக் காவல் இருப்பது எவ்வளவு களைப்பு என்று உங்களுக்கு விளங்குமா நானா?

அப்படி இருக்கும்போதுதான் இம்தியாஸ் என்ற பதிப்பாளர் கொழும்பிலிருந்து வந்தார். உங்கள் புத்தகங்கள் எல்லாவற்றையும் திரும்ப அச்சிடப்போவதாகச் சொன்னார். அதோடு நிற்கவில்லை. உப்புக்கோளை வைத்துப் புதிய எழுத்தாளர்களைக் கொண்டு புதிய நாவல்கள் எழுதுவிக்க விரும்பினார். ஆமினாவின் சின்ன வயதுக் கதை, தண்ணீர் விற்கிற கோள்களின் கதை என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார்.

"மச்சியும் டீச்சரும் ரெண்டு பேரும் சம்மதிச்சாத்தான் செய்வன். ஒராள் வேணாமெண்டாலும் விட்டுருவன்," என்றார்.

வேண்டாம் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் ரிஹானா மச்சி பேசிவிட்டா. உங்கள் மனைவி எப்படி என்று உங்களுக்குத் தெரியும். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுகிற ஆள். அன்றைக்கு உள்ளே போகாமல் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றா.

"அவர் மௌத்தான மாதிரி அவர்ட சனங்களும் மௌத்தாகணுமா பரீதா? அந்தக் கப்பல்ல எத்தின பேர் இரிக்காங்க. இருட்டுக்குள்ள அப்பிடியே விட்டுட்டு நாம சாப்பிடுறோம், நோம்பு புடிக்கிறோம், பெருநாள் எடுக்கிறோம்."

சரி என்றேன். முழு மனதோடு சொன்னேன் என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன்.

முதல் நாவலை எழுத வந்தவர் அர்ஷாத். கொழும்பில் பேர் வாங்கிய இளம் எழுத்தாளர். புத்தகம் வருகிறது என்று விளம்பரமும் போட்டுவிட்டார்கள். அவர் அனுப்பிய பிரதியை வாசித்தேன். நல்ல விறுவிறுப்பு, குறை சொல்ல முடியாது. ஆனால் ஆமினாவின் இடுப்பில் துவக்கு. உப்புக்கோளுக்கு ஓர் எதிரிக் கோள். அந்த எதிரிகளின் உடுப்பும் பேச்சும் எப்படி இருந்தது தெரியுமா? நம் ஊரில் எவரிடம் கொடுத்தாலும், இது இன்ன சனம் என்று விரலை நீட்டிவிடுவார்கள். நாட்டில் அங்கும் இங்கும் கடைகள் எரிந்துகொண்டிருந்த காலம் அது. இந்தப் புத்தகம் உங்கள் பெயரோடு வெளியே போய், யாரோ ஒருவர் மனதில் ஒரு தீக்குச்சியை உரசிவிட்டால் என்ன செய்வேன் என்று பயந்தேன்.

இம்தியாஸுக்குப் போன் எடுத்தேன். இரண்டு நாளில் அர்ஷாத்தையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். அர்ஷாத் மரியாதையான பிள்ளைதான். என்றாலும் தன் பிரதியை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

"டீச்சர், எதிரி இல்லாம எப்பிடிக் கதை நகரும்? இப்ப வாசிக்கிறவங்க சண்டைய எதிர்பார்க்கிறாங்க. ஜவாத் நானா இண்டைக்கு இருந்திருந்தா அவரும் எழுதியிருப்பார்."

உங்களுக்காக ஏதேதோ வாதம் செய்ய நினைத்தேன். அதற்குள் தேத்தண்ணித் தட்டோடு வந்த மச்சி, தட்டை மேசையில் வைத்துவிட்டு அவர் முன்னால் உட்கார்ந்தா.

"மகன், நான் சொல்றதக் கேளுங்க. அவர் எழுதின காலத்துல ஒவ்வொரு நாளும் செய்தியில துவக்குச் சத்தம்தான். திருத்த வந்த ரேடியோ எல்லாத்துலயும் அதுதான் கேட்டுச்சு. ஒருக்கா நான் அவர்கிட்டக் கேட்டேன், ஏன் இந்தக் கப்பல்ல ஒருத்தர்கிட்டயும் துவக்கு இல்லயெண்டு. செய்தியில இரிக்கிறது போதும், கப்பல்ல வேணாமெண்டாரு. புள்ளைகளுக்குப் போய் நிக்க ஒரு இடமாவது வேணுமெண்டாரு."

"அப்ப ஆபத்து எங்கருந்து வாறது மச்சி?"

"தண்ணி முடியட்டுமே. கப்பல்ல தண்ணித் தாங்கி வெடிச்சா அது ஆபத்தில்லயா? குழாயில தண்ணி வராத நாளைக்கு எங்கட ஒழுங்கைக்கு வந்து பாருங்க, சண்டை எப்பிடியெண்டு!"

அர்ஷாத் சிரித்துவிட்டார். சிரித்து முடித்துத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "எனக்குக் கொஞ்சம் டைம் தாங்க," என்றார். உங்கள் புத்தகங்களை மச்சி வாசித்ததே இல்லை என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோமே நானா. வாசிக்காத ஆளா அப்படிப் பேசுவது?

அர்ஷாத் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எல்லாவற்றையும் கலைத்துவிட்டுத் திரும்ப எழுதினார். தண்ணீர்த் தாங்கி வெடித்து, கப்பலில் உள்ளவர்கள் ஒருவர் பங்கை ஒருவர் சந்தேகிக்கத் தொடங்குகிற கதை. கொடுவா வாயை மூடாமல் கதைக்கிறது, உங்கள் கொடுவாவுக்கு அவ்வளவு பேச்சு இல்லை. மற்றபடி நல்ல புத்தகம். நன்றாகப் போனது. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அந்த மூச்சை முழுதாக விடுவதற்குள் இரண்டாவது ஆள் வந்தா.

சிவரூபி உடப்பைச் சேர்ந்தவ. சிலாபத்தில் தாதியாக இருக்கிறா. பகல் முழுக்கச் சிங்களத்தில் நோயாளிகளோடு கதைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தமிழில் எழுதுகிறவ. சின்ன வயதில் கோயில் ஆடித் திருவிழாக் கடையில் உங்கள் புத்தகம் ஒன்றை வாங்கினாவாம், அன்றிலிருந்து விடவில்லை. பஸ் மாறி மாறி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தா. பையில் எனக்கென்று ஒரு பார்சல் கருவாடு. உட்கார்ந்த உடனேயே விஷயத்துக்கு வந்துவிட்டா.

"டீச்சர், சுத்தி வளைக்காமச் சொல்றன். நான் வள்ளத்த வெளிய எடுக்கப் போறன்."

ஆமினாவின் சின்ன வயதை எழுதலாம், வேறு கோள்களை எழுதலாம். ஆனால் நீங்கள் வைத்துவிட்டுப் போன கடைசி வரிக்குப் பிறகு இன்னொரு வரியா? அந்த வரி அப்படியே இருக்கும்வரை நீங்கள் ஏதோ கடையில் இருப்பது போலவும், தேத்தண்ணி குடித்து முடித்து அடுத்த தாளை எடுக்கப்போவது போலவும் எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. பைத்தியக்கார எண்ணம்தான். அதை அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

"உள்ளுக்குள்ள என்ன இரிக்கெண்டு தெரியாம எப்பிடி எடுப்பீங்க?" என்று கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

"எனக்கும் தெரியா. நானாவுக்கே தெரியா."

வழக்கமான பதிலுக்காகக் காத்திருந்தேன். அவள் கையைத் தட்டிச் சிரித்தாள்.

"நல்லதாப் போச்சு! அவருக்குத் தெரிஞ்சிருந்தா எனக்குப் பயமா இருந்திருக்கும்."

நானா, இத்தனை வருடத்தில் என் வார்த்தையை அப்படியே நம்பிய முதல் ஆள் அவள்தான். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அந்த நிமிடத்தில்தான். பிறகு அவள் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள்.

"அப்பா ஒருக்கா கடலுக்குப் போய்த் திரும்பி வரல்ல. எஞ்சின் நிண்டு போச்சு. நாங்க எல்லாரும் கரையிலதான் நிண்டம். சமையல் இல்ல, ஒண்டும் இல்ல. பிறகு கண்டக்குழி ஆக்கள் கடல்ல கண்டு கட்டி இழுத்துக்கொண்டு போய் அவங்கட கரையில சேர்த்துட்டாங்கண்டு தகவல் வந்துச்சு. லொறியொண்டுல ஏறிப் போனம். அம்மா இறங்கினதுதான் தாமதம், அப்பாவப் பார்த்து ஏசத் தொடங்கிட்டா. சேட்டும் போடாமப் போனீங்களே, குளிருமெண்டு தெரியாதா, சொல்லிட்டுப் போக வாயில்லயா எண்டு. கண்டக்குழிச் சனமெல்லாம் சுத்தி நிண்டு பார்க்குது. அப்பா உதடெல்லாம் வெடிச்சுப் போய் நிண்டு சிரிக்கிறார்."

குசினியில் சட்டி கழுவுகிற சத்தம் நின்றுவிட்டது. மச்சியும் கேட்டுக்கொண்டிருந்தா.

"கடல்ல என்ன நடந்துச்செண்டு அண்டைக்கு ஒருத்தரும் கேட்கல்ல டீச்சர். அவரும் சொல்லல்ல. பிறகு வருசக் கணக்கா, ஒவ்வொரு துண்டாத்தான் சொன்னார். அதனால நான் கப்பலுக்குள்ள போகமாட்டன். அங்க போனா எனக்கு எழுத வராது. சல்மா இருக்கிற கரையில இருந்து எழுதுறன். அது எனக்குத் தெரிஞ்ச இடம்."

மச்சி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தா. "எழுதுங்க புள்ள. அந்த சல்மாவுக்கு என்ட வீட்டுக்காரர் ஒரு கதையும் குடுக்கல்லயே. நானும் பாத்துக்கொண்டுதான் இருந்தேன்."

எழுதி முடிக்கச் சிவரூபிக்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. பிரதி வந்த அன்று கதவைச் சாத்திவிட்டு, சிவப்புப் பேனையோடு உட்கார்ந்தேன். ஏதாவது பிழை கண்டுபிடித்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று உள்மனதில் ஓர் ஆசையும் இருந்தது.

கதை இதுதான் நானா. கப்பல் போய் வருடங்கள் கடந்துவிட்டன. சல்மா ஒவ்வொரு மாலையும் போய் ரேடியோவில் கூப்பிடுகிறாள். ஊர்ச் சபை கூடி, அந்த அன்டெனாக் கம்பத்தைக் கழற்றி உப்பளத்து இயந்திரங்களுக்கு இரும்பு எடுக்கலாம் என்று முடிவு செய்கிறது. சபை சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, உப்பு விளையாவிட்டால் தண்ணீர் இல்லை. சல்மா சண்டை பிடிக்கவில்லை. கம்பத்தைக் கழற்ற வந்தவர்களிடம், இண்டைக்கு ஒருக்காக் கூப்பிட்டுவிட்டுத் தருகிறேன் என்கிறாள். அடுத்த நாளும் அதையே சொல்கிறாள். இரும்பு கழற்ற வந்தவர்களில் ஒருவன், கொஞ்ச நாள் போக, தானே அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கூப்பிடத் தொடங்குகிறான். பிறகு இன்னொருவன்.

கடைசியில் ஒரு மாலை ரேடியோவில் கரகரப்பு. அதற்குள்ளிருந்து கொடுவாவின் குரல், கேட்கிறதா என்ற கேள்விக்கு ஒரேயொரு "ஓம்." அதற்குச் சல்மா என்ன சொல்கிறாள் தெரியுமா? கொடுவாவைத் தாண்டிக் கப்டனையே ஏசுகிறாள். "எங்கடி போயிருந்தாய் ஆமினா? கரையில மனிசர் இருக்கிறது ஞாபகமில்லையா?" என்று தொடங்கி ஒன்றரைப் பக்கத்துக்கு ஏச்சு. நான் வாய்விட்டுச் சிரித்தேன். பேனை எங்கே விழுந்தது என்று தெரியவில்லை.

கருங்களப்புக்குள் என்ன இருந்தது என்பதை ஆமினா பிறகு, வெகு நாள் கழித்து, உப்புக் குவியல் ஒன்றின் நிழலில் இருந்து சல்மாவிடம் சொல்கிறார். உள்ளே ஒன்றுமில்லை. இருட்டு. கையில் இருக்கிற விளக்கே தெரியாத இருட்டு. கப்பலில் உள்ளவர்கள் ஒருவர் பெயரை ஒருவர் மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். கூப்பிட்ட பெயருக்கு ஒரு சத்தம் திரும்பி வந்தால், அந்த ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். அப்படியே கூப்பிட்டுக் கூப்பிட்டு வெளியே வந்துவிட்டார்கள்.

நீங்கள் இப்படி எழுதியிருக்கமாட்டீர்கள். எனக்கு நன்றாகத் தெரியும். கருங்களப்பு எப்படி உண்டானது, ஒளி ஏன் நுழையவில்லை என்று ஐந்து பக்கத்துக்கு விளக்கம் வைத்திருப்பீர்கள், கொடுவா ஒரு கருவியைக் கழற்றி இன்னொன்றில் பூட்டியிருக்கும். ஆனாலும் வாசித்து முடித்தபோது, இவர்கள் நம்முடைய ஆட்கள்தான் என்று மனம் சொன்னது. ஆமினா ஆமினாவாகவே வெளியே வந்திருந்தார். சிவரூபிக்குப் போன் எடுத்து, "சரி மகள்," என்று மட்டும் சொன்னேன். அந்தப் பக்கத்தில் அவள் விசும்புகிற சத்தம் கேட்டது.

என்றாலும் பயம் போகவில்லை. எனக்குப் பிடித்தது சரி, உங்கள் வாசகர்கள் என்ன சொல்வார்கள்? இம்தியாஸ் வெளியீட்டுக்கு ஒரு வாரம் முந்தியே புத்தகத்தைக் கடைகளுக்கு அனுப்பிவிட்டார். நேற்று மண்டபம் நிறைந்துவிட்டது. மன்னார், உடப்பு, கற்பிட்டி, சிலாபம் என்று எல்லாப் பக்கத்தாலும் வந்திருந்தார்கள். பாதிப் பேர் ஏற்கெனவே வாசித்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள், முகத்தில் தெரிந்தது. கேள்வி நேரம் தொடங்கியதும் நடுவரிசையில் ஒருத்தர் எழுந்து, "இது விஞ்ஞானக் கதையே இல்ல," என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். மேடையில் சிவரூபி அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டா.

அடுத்து எழுந்தவ என் வயதுள்ள ஒரு தாய். வடக்கிலிருந்து வந்து புத்தளத்தில் இருந்துவிட்ட குடும்பமாம். புத்தகத்தைச் சுருட்டிக் கையில் பிடித்திருந்தா.

"நான் உங்கள ஏசத்தான் வந்தேன் மகள். இத்தின வருசம் காத்திருந்தது உள்ளுக்குள்ள ஒண்டுமில்ல எண்டு கேக்கிறதுக்கா எண்டு ஆத்திரம். வாசிச்ச உடனே புத்தகத்தத் தூக்கி எறிஞ்சிட்டேன்."

அவ மேடையைப் பார்த்தே தொடர்ந்து சொன்னா.

"அந்த ஆத்திரத்தோடயே சவூதியில வேலை செய்ற என்ட மகளுக்குப் போன் எடுத்தேன். ரெண்டு மாசமா அவ ஒரு போன் இல்ல. நல்லா ஏசினேன். எங்கடி போயிருந்தாய், உம்மா ஒருத்தி இருக்கிறது மறந்துபோச்சா எண்டு ஏசிக்கொண்டே போறன், அவ அந்தப் பக்கம் சிரிக்கிறா, அழுகிறா. போன வச்சதுக்குப் பொறகுதான் நான் என்ன ஏசினன் எண்டு எனக்கே விளங்கிச்சு." அவ சுருட்டிய புத்தகத்தை விரித்து நீவினா. "எறிஞ்சதுல அட்டை கொஞ்சம் மடிஞ்சு போச்சு. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியாது. பிறகு மண்டபமே சிரித்தது. சிவரூபி மேடையை விட்டு இறங்கி வந்து அந்தத் தாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அர்ஷாத் பின்வரிசையில் நின்று கை தட்டினார். எல்லோருக்கும் பிடித்துவிட்டது என்று சொல்லமாட்டேன். வாசலில் இரண்டு பேர், இன்னும் நிறைய விளக்கம் இருந்திருக்க வேண்டும் என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்கள். இருக்கட்டும். குறை சொல்வதற்காவது கதை உயிரோடு இருக்கிறதே.

கொஞ்சம் வலித்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடைசி வரி இனிக் கடைசி வரி இல்லை. நீங்கள் இல்லாமலே உங்கள் உலகம் ஒரு நாள் தள்ளி நகர்ந்துவிட்டது. நாங்கள் எல்லோரும் நகர்ந்துவிட்டோம். ஆனால் பாலாவிக்குத் திரும்பி வருகிற பஸ்ஸில், உப்பளப் பக்கம் காற்று முகத்தில் அடித்தபோது, நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இனி யாரும் என்னை மறித்துக் கேட்கமாட்டார்கள். இனி அவர்கள் சிவரூபியைத்தான் மறிப்பார்கள், பாவம்! நினைத்துவிட்டு நானே சிரித்தேன். பக்கத்தில் இருந்த மச்சி என்னவென்று கேட்டா. ஒன்றுமில்லை என்றேன்.

மூன்றாவது நாவலும் தொடங்கிவிட்டது. எழுதுகிறவர் மலையகத்தில் ஓர் ஆசிரியர், அவருக்கும் எனக்கும் அறிமுகம் இல்லை. நம் கடலை அவர் இரண்டு மூன்று தரம்தான் கண்டிருக்கிறாராம். முந்தி என்றால் இதைக் கேட்டதும் படபடத்திருப்பேன். இன்று காலை இம்தியாஸ் போன் எடுத்து, பிரதியை எனக்கு எப்போது அனுப்புவது என்று கேட்டார். மச்சிக்கு அனுப்புங்கள், அவ பார்த்தால் போதும், எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர், கோபமா டீச்சர் என்று கேட்டார். இல்லை, சந்தோஷம் என்றேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன் நானா. இனி உங்கள் பெயரால் ஒரு கதையையும் நான் மறிக்கமாட்டேன். அந்தப் புத்தகம் அச்சாகி வரட்டும். புத்தளம் கடையில் போய் மற்றவர்களைப் போல வாங்குவேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் பிடித்து உட்கார்ந்து திறப்பேன். நீங்கள் எழுதும்போதே சொல்லிச் சொல்லித்தான் எழுதுவீர்கள், அதனால் உங்கள் புத்தகம் ஒன்றுகூட அச்சில் வந்தபோது எனக்குப் புதிதாக இருந்ததில்லை. அடுத்த பக்கத்தில் என்ன வரும் என்று தெரியாமல் உப்புக்கோளில் இறங்கி நடக்கப்போவது எனக்கு இதுதான் முதல் தடவை.

அல்லாஹ் உங்கள் கப்ரை வெளிச்சமாக்கி வைக்கட்டும்.

உங்களுக்குப் பின் பிறந்தவள், உங்கள் தங்கச்சி,
பரீதா
பாலாவி